ஏணிக்கு மூன்று மதிப்பெண்

தரையம்மா என்று கூப்பிட்டால்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி. நகரத்தின் பெரிய கூடைப்பந்து அரங்கில் பத்தொன்பது வருடமாகத் தரை துடைக்கிறாள். அந்த மரத்தரையில் எந்தப் பலகை முனகும், எந்தப் பலகை வழுக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் யாரும் கேட்டதில்லை. தரை துடைக்கிறவளிடம் ஆட்டத்தைப் பற்றி என்ன கேட்பது என்கிற நினைப்பு எல்லோருக்கும்.

அரங்கு ஒன்று, அணிகள் இரண்டு. கரடிகள் காலையில் பயிற்சி செய்வார்கள், நாரைகள் மாலையில். ஒரு அணி வந்த வாசல் வழியாக இன்னொரு அணி வராது, அப்படியொரு பகை. சம்பளம் வாங்கி ஆடுகிறவர்கள் கூடப் பரவாயில்லை. பார்க்க வருகிற கூட்டம்தான் ஒன்றையொன்று கரித்துக் கொட்டும். தரையம்மாவின் புருஷன் ஊர்ப் பேருந்து ஓட்டுகிறவர், கரடிகள் கட்சி. கரடிகளின் நட்சத்திர ஆட்டக்காரன் ஏணியின் படத்தைத்தான் பேருந்தில் தன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். ஏணி என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அவன் உயரத்துக்கு வேறு எதுவும் பொருந்தாது.

அரங்கின் இருக்கைகளுக்கு அடியில், படிக்கட்டு இறங்கிப் போனால், வேலைக்காரர்கள் சாப்பிடும் அறை. அங்கே ஒரு பழைய கரும்பலகை. ஒவ்வொரு வருடமும் ஆட்டங்கள் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்னால் அதில் இரண்டு அணிகளின் ஐந்தைந்து பேரையும் எதிரெதிரே எழுதி, ஆளுக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். போடுகிறவர் ஒருவர்தான். டப்பாவில் சீட்டுப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள். யார் பெயர் வருகிறதோ அவர் போட்டதுதான் மதிப்பெண். காரணம் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டலாம், சாக்பீஸைத் தொடக் கூடாது. கடைசி ஆட்டம் முடிகிற வரை எண்ணை மாற்றவும் கூடாது. பத்திரிகைக்காரர்கள் எழுதுகிற ஒப்பீடு எல்லாம் இந்தப் பலகைக்கு முன்னால் ஒன்றுமில்லை என்று எலக்ட்ரீஷியன் மார்தட்டிக்கொள்வார். பலகை அவர் பொறுப்பு.

துடைக்கிறவர்கள் பெயர் மட்டும் டப்பாவுக்குள் போனதே இல்லை. இந்த வருடம் தரையம்மா யாரையும் கேட்கவில்லை. தன் பெயரைத் தானே எழுதி, மடித்து, எலக்ட்ரீஷியன் கண் முன்னாலேயே உள்ளே போட்டாள்.

"என்னக்கா இது புதுசா?" என்றார் அவர்.

"பத்தொன்பது வருஷமா பழசாயிருச்சு. அதான்."

வந்தது அவள் சீட்டு. டிக்கெட் கவுண்டர்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இவள் சாக்பீஸை எடுத்தாள்.

மரத்தரையில் ஓடுகிறவன் சட்டென்று நின்றால், ஷூவின் அடி ரப்பர் கறுப்பாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும். ஈரத்துணிக்கு அந்தக் கறை அசையாது. நீளமான குச்சியின் முனையில் பழைய டென்னிஸ் பந்தைச் செருகி, ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாகத் தேய்த்து எடுக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு அவள் வரும்போது, முந்தின மாலை நாரைகள் விட்டுப் போன கோடுகள் காத்திருக்கும். பதினோரு மணிக்குக் கரடிகள் கிளம்பிய பிறகு அவர்களுடைய கோடுகள். நாளைக்கு இருநூறு, முந்நூறு. இத்தனை வருடத்தில் யார் எந்த மூலையில் எந்தக் காலில் நிற்பான், யார் பயந்து பின்வாங்குவான், யார் வேலை செய்கிற மாதிரி பாசாங்கு செய்வான் என்பது அவளுக்கு அத்துப்படி.

ஏணியின் கோடு தனி. இடது பக்கக் கூடைக்குக் கீழே, இடது காலை ஊன்றி நின்று எம்புவான். அந்த இடத்தில் தடிமனாக ஒரு வளைவு விழும். அதை எடுக்கத் தோள் வலிக்கும். இந்த வருடம் விடுமுறை முடிந்து பயிற்சி தொடங்கிய முதல் நாள், அவள் தண்ணீர் மாற்றிக்கொண்டு வருவதற்குள் அந்த மூலை சுத்தமாக இருந்தது. மறுநாளும் அப்படியே. பகல் ஷிப்ட்காரிதான் சீக்கிரமே வந்து துடைத்துவிட்டு, மேற்பார்வையாளரிடம் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று நினைத்துவிட்டாள். நேரே போய், "என் வேலைல நீ எதுக்கு மூக்கை நுழைக்கிற?" என்று பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் பாவம், மலங்க மலங்க விழித்தாள். மூன்றாம் நாள் தரையம்மா தண்ணீர் மாற்றப் போகாமல் அங்கேயே நின்றாள். மூலை தானாகவே சுத்தமாக இருந்தது. அவன் இடது காலை ஊன்றவே இல்லை. அதற்குப் பதில் வலது குதிகால் இழுத்த ஒரு நீளமான, மங்கலான கோடு. முழங்கால் போயிருக்கிறது, மறைக்கிறான். வெட்கத்தோடு போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். ஏணியைப் பற்றி அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆக, பலகையில் மதிப்பெண் இப்படி விழுந்தது. பத்திரிகைகள் எல்லாம் கேலி செய்யும் நாரைகளின் குட்டைப் பையனுக்கு ஒன்பது; அவன் இரண்டு காலிலும் நறுக்கென்று நிற்பவன். கரடிகளின் ஏணிக்கு மூன்று. மொத்தத்தில் நாரைகளுக்கு ஏழு எண் கூடுதல்.

அறையே கொந்தளித்தது. போன வருடத்தின் சிறந்த ஆட்டக்காரனுக்கு மூன்றா? "இதுக்குத்தான் தொடப்பக்கட்டையைப் புடிக்கிறவங்க கைல சாக்பீஸ் குடுக்கக் கூடாதுங்கறது" என்றார் எலக்ட்ரீஷியன். அவளுக்குச் சுருக்கென்றது. காரணத்தைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் அத்தனை பேர் வாயும் அடைத்துப் போகும். ஆனால் அது அவன் உடம்பு, அவன் பிழைப்பு. அதை இவர்கள் வாயில் மெல்லப் போட அவளுக்கு மனசு வரவில்லை. வழக்கப்படி காரணம் கேட்கக் கூடாது என்றாள், குச்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் புருஷன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கவுண்டர்க்காரர் பலகையைப் போட்டோ எடுத்து அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி, பேருந்து டிப்போவரை வந்துவிட்டது.

"மூணாடி? ஏணிக்கு? டிப்போல ஒருத்தன் என்னைப் பாத்து, உங்க வீட்டம்மாவுக்கு எண்ணத் தெரியுமான்னு கேக்கறான்."

"தெரியும்னு சொல்றதுதானே."

"காரணமாவது சொல்லு."

"உங்ககிட்ட சொன்னா நாளைக்கு உங்க பஸ்ஸே சொல்லும். சாப்பிடுங்க."

அவர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனார். முப்பது வருடத்தில் அப்படிப் போனதில்லை. அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

மூன்றாம் நாள் காலை, பயிற்சி நடந்துகொண்டிருக்கும்போதே கரடிகளின் மானேஜர் அந்த அறைக்கு இறங்கி வந்தார். எந்த மானேஜரும் இதற்கு முன் அங்கே கால் வைத்ததில்லை. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். தரையம்மா கடைசி வாயைக் குடித்துவிட்டு எழுந்தாள்.

"யாரும்மா இதைப் போட்டது?"

"நான்தான் சார்."

"பத்திரிகைக்காரங்க காலைலேருந்து போன் மேல போன். ஏணிக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க. உனக்கு என்ன தெரியும்? யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. எனக்குத் தோணுச்சு, போட்டேன். காரணம் சொல்ற வழக்கம் இங்க இல்ல சார்."

"சரி, அழி."

"அழிக்கிற வழக்கமும் இல்ல."

மானேஜர் கைக்குட்டையை எடுத்து, தானே அந்த மூன்றைத் துடைத்தார். தரையம்மா சாக்பீஸை எடுத்து, அதே இடத்தில் மூன்று என்று போட்டாள். அவர் மறுபடி துடைத்தார். அவள் மறுபடி போட்டாள், இந்தத் தடவை கொஞ்சம் பெரிதாக.

"துடைக்கிறதுல எனக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ் சார். கைக்குட்டையை வெச்சுக்கிட்டு என்கூடப் போட்டி போடாதீங்க."

யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். மானேஜர் குரலைத் தாழ்த்தினார். "உன்னை வேலைக்கு வெச்சிருக்கிற காண்ட்ராக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா, நாளைக்கு நீ இந்தக் கட்டடத்துக்குள்ள வர முடியாது. தெரியும்ல?"

தெரியும். இந்த வயதில் வேறு எங்கே போய்த் துடைப்பது? ஆனால் பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அவள் பார்த்தது ஒன்று எழுத்தில் இருந்தது.

"சொல்லிக்குங்க சார். நான் வீட்டுக்குப் போறேன். மூணு இங்கயே இருக்கும்."

"நீ அழிய்யா" என்றார் மானேஜர், எலக்ட்ரீஷியனைப் பார்த்து.

எலக்ட்ரீஷியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கும் அந்த மார்க் புடிக்கல சார். ஆனா போட்டவங்க போட்டதுதான்."

அப்போது படிக்கட்டில் சத்தம் கேட்டது. ஒரு கால் இறங்கும், இன்னொரு கால் வந்து அதே படியில் சேரும், பிறகு அடுத்த படி. கைப்பிடிக் கம்பி கிறீச்சிட்டது. ஏணி தலையைக் குனிந்து வாசலுக்குள் நுழைந்தான். ஆட்டக்களத்தில் ஒளித்து வைத்ததை வேலைக்காரர்கள் படிக்கட்டில் ஒளிக்க அவனுக்குத் தோன்றவில்லை. அல்லது முடியவில்லை. அறையில் அத்தனை பேரும் அவன் இடது முழங்காலைப் பார்த்தார்கள். டிக்கெட் கவுண்டர்க்காரர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

தரையம்மா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு தம்பி."

உட்கார்ந்தான். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மானேஜரிடம் சொன்னான்: "ரெண்டு மாசமா வலி சார். சொன்னா உக்கார வெச்சிருவீங்கன்னு பயந்து சொல்லல. இன்னிக்கு டாக்டரைப் பாக்கணும்."

மானேஜர் கைக்குட்டையை மடிக்கப் பார்த்தார், மடிக்க வரவில்லை. அப்படியே பையில் திணித்துக்கொண்டார்.

ஏணி பலகையைப் பார்த்தான். "யார் சொல்லி இந்த மார்க்?"

"உன் கால்தான் சொல்லுச்சு. தெனமும் அது போடற கோட்டை நான்தானே தேய்க்கிறேன்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "மூணு ஜாஸ்தி அக்கா. இருக்கிற நிலைமைக்கு ஒண்ணே அதிகம். மாத்திப் போடுங்க."

எலக்ட்ரீஷியன் தானே முன்வந்து சாக்பீஸை அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி, மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"உங்க மானேஜர் வேலையைப் புடுங்கறேன்னாரு, அப்பவே மாத்தல. நீ கேட்டா மட்டும் மாத்திருவேனா? உன் காலுக்கு நான் ஒண்ணுமே போடல தம்பி. மூணும் பந்தெறியற உன் கைக்குப் போட்டது. அதைக் கொறைக்க உனக்கே உரிமை கிடையாது."