கடைசி வீட்டுக் குழாய்

1. காலி பக்கெட்

அன்று திங்கட்கிழமை. காலை ஒன்பது பத்துக்கு நான் பம்ப் ரூமைப் பூட்டிக்கொண்டிருந்தபோது சாமுவேல் அண்ணன் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை என் காலடியில் வைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் துரு ஒட்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

“என் ஊட்டுக்காரம்மா நேத்து வந்துச்சு. இந்த பக்கெட்டப் பாத்துச்சு. அடுத்த பஸ் ஏறி கும்மிடிப்பூண்டிக்கே போயிடுச்சு” என்றார்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கோபப்படவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டர். எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் உப்பு ஏரி. ஊருக்குள் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதனால் ஆரணியாற்றுப் பக்கம் போட்ட போர்வெல்லிலிருந்து தண்ணீர் ஏற்றி, மேல்நிலைத் தொட்டியில் நிரப்பி, ஆறு தெருவுக்கும் முறை வைத்து விடுகிறோம். தெருவுக்கு ஒரு வால்வு, ஒரு வால்வுக்கு அரை மணி நேரம். ஆறு மணிக்கு முதல் தெரு, எட்டரைக்குக் கடைசியாக பீச் தெரு, ஒன்பதுக்கு வேலை முடியும். எந்த வால்வை எப்போது திறந்தேன், எப்போது மூடினேன் என்று பதினோரு வருடமாக டைரியில் எழுதி வருகிறேன். விடுப்பு எடுத்த நாட்களுக்குக்கூட, மாற்று ஆளிடம் கேட்டு எழுதியிருக்கிறேன்.

சாமுவேல் அண்ணன் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ரோலிங் மில்லில் முப்பத்தொரு வருடம் ஃபர்னஸ் பக்கம் வேலை பார்த்தவர். குடும்பத்தோடு அங்கேயே வாடகை வீட்டில் இருந்தார். ரிட்டயர் ஆனதும் கடலைப் பார்த்து உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. பீச் தெருவின் கடைசியில் ஒரு இடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினார். வீடு முடிந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. அவர் மட்டும் வந்துவிட்டார். அவருடைய மனைவி ஸ்டெல்லா வரவில்லை. குழாயில் தண்ணீர் வந்தால் வருகிறேன் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

நான் டைரியைத் திறந்து காட்டினேன். பீச் தெரு, 8.30 முதல் 9.00 வரை. ஒரு நாள்கூட ஒரு நிமிடம் குறையவில்லை. அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கம் நிதானமாகப் படித்தார்.

“நோட்டுல தண்ணி வந்துருக்குது தங்கச்சி. கொழாயிலதான் வரல” என்றார்.

2. இருபத்து நான்கு நிமிடம்

மறுநாள் எட்டரைக்கு பீச் தெரு வால்வைத் திறந்துவிட்டு, சைக்கிளில் அவர் வீட்டுக்குப் போனேன். மூன்று நிமிடம் ஆயிற்று. பதினோரு வருடத்தில் தண்ணீர் விடும் நேரத்தில் ஒரு குழாயடியில் நான் நின்றது அதுவே முதல் முறை. வால்வு இருக்குமிடத்தில்தான் எனக்கு வேலை என்று நினைத்திருந்தேன்.

குழாய் உஸ்ஸென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கையை வைத்துப் பார்த்தேன், காற்று. டைரியில் அப்படியே எழுதினேன்: 8.33, காற்று.

காத்திருந்த நேரத்தில் அண்ணன் வீட்டைச் சுற்றிக் காட்டினார். அந்தத் தெருவில் பதினான்கு வீடு. ஆள் இருப்பது ஐந்தில். மற்றவர்கள் சென்னைக்கோ, தொழிற்பேட்டைப் பக்கமோ போய்விட்டார்கள். கடல் காற்றில் பூட்டுகள் துருப்பிடித்துக் கிடந்தன. இவர் வீட்டில் மட்டும் எல்லாம் புதிதாக இருந்தது. சமையலறை அலமாரி கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்ததால் ஏன் என்று கேட்டேன். கும்மிடிப்பூண்டி வீட்டுச் சுவரில் மனைவியைச் சாய்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டு டேப்பில் அளந்து வந்தாராம். எட்டி எடுக்கக் கூடாது, தோள் வலி இருக்கிறது என்றார். அந்த அலமாரியில் பருப்பு, மிளகாய்த்தூள், புளி எல்லாம் டப்பாவில் போட்டுப் பேர் எழுதி ஒட்டியிருந்தது. டப்பாக்கள் ஒன்றும் திறக்கப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறார்.

8.51க்குச் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. 8.55க்குத் தெளிந்தது, பென்சில் கனத்துக்கு. 8.57க்கு நான் வால்வை மூடக் கிளம்ப வேண்டியிருந்தது. பக்கெட்டில் கால்வாசிகூட இல்லை.

காரணம் கடினமானதில்லை. எங்கள் லைன்களிலேயே நீளமானது அது. ஒரு நாள் முழுக்கக் காலியாகக் கிடந்த பைப் நிரம்பிய பிறகுதான் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டும். ஆறாவது முறை வருவதற்குள் தொட்டியும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும், பிரஷர் இருக்காது. நான் நேரத்தை வால்வில் அளந்துகொண்டிருந்தேன். வால்வில் போய் யாரும் குடம் வைப்பதில்லை. எல்லாத் தெருவுக்கும் சமமாகச் செய்கிறேன் என்று பதினோரு வருடம் நம்பியிருந்தேன்.

3. காசியம்மாவின் பஸ்

புதன்கிழமை வரிசையைத் திருப்பினேன். தொட்டி நிறைந்திருக்கும் ஆறு மணிக்கே பீச் தெரு. முதல் தெரு ஆறரைக்கு. வெள்ளிக்கிழமை காலை முதல் தெருவில் மீன் விற்கும் காசியம்மா கூடையோடு வந்து பம்ப் ரூம் வாசலில் நின்றுவிட்டார்.

“ஆறரைக்கு எனக்கு பொன்னேரி பஸ்ஸு. நீ ஆறரைக்குத் தண்ணி உடுற. எவன் பொண்டாட்டியோ பீச்சுக்கு வரணும்னு நான் மீன தலையிலயே காய வெச்சி கருவாடா விக்கணுமா?”

ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. பஞ்சாயத்து கிளார்க்கும், ஆள் இருக்கும் ஐந்து வீட்டுக்காக ஊர் வழக்கத்தை மாற்ற முடியாது என்றார். காசியம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு வீட்டுக்குச் சரிசெய்யப் போய் இன்னொருவரின் பிழைப்பில் கை வைத்திருந்தேன்.

கடைசியில் நான் அரை மணி நேரம் முன்னால் எழுந்திருப்பதுதான் வழி என்று புரிந்தது. ஐந்தரைக்கு பீச் தெரு வால்வைத் திறந்தேன். கடைசிக் குழாயில் ஐந்து நாற்பத்தொன்றுக்குத் தண்ணீர் வந்தது, நல்ல வேகத்தோடு. அங்கிருந்து அரை மணி எண்ணி ஆறு பதினொன்றுக்கு மூடினேன். முதல் தெருவை வழக்கம்போல ஆறுக்கே திறந்தேன். அது தொட்டியை ஒட்டிய தெரு. பதினோரு நிமிடம் இரண்டும் சேர்ந்து ஓடினால் குறை தெரியாது. கிளார்க் கேட்டுவிட்டு, “உன் தூக்கம், உன் இஷ்டம்” என்றார்.

முதல் நாள் சாமுவேல் அண்ணன் மனைவிக்குப் போன் போட்டு, போனைக் குழாய் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பார்த்தேன்.

4. எதிர் வீடு

அடுத்த சனிக்கிழமை மாலை ஸ்டெல்லா அக்கா வந்தார். ஞாயிறு காலை நான் குழாயைப் பார்க்கப் போனபோது அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார். டிரம், குடம், அண்டா எல்லாம் நிறைந்தது. அண்ணன் கதவோரம் நின்று ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா குழாயை மூடிவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

“தண்ணி நல்லாத்தான் வருது. கொற சொல்ல ஒன்னும் இல்ல” என்றார். பிறகு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க முப்பத்தொரு வருசம் ஷிப்டுக்குப் போய்க்கினு இருந்தீங்க. நான் அந்தத் தெருவுலதான் இருந்தேன். எனக்கு முடியலன்னா எதிர் ஊட்டு தெலுங்கம்மா கஞ்சி வெச்சி எடுத்தாரும். இங்க எதிர்ல கடல்தான் கீது.”

நான் கிளம்பியிருக்க வேண்டும். சைக்கிள் அவர்கள் இருவருக்கும் அந்தப் பக்கம் இருந்தது.

“அத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல, ஸ்டெல்லா?”

“செவுத்துல என்ன நிக்க வெச்சி கோடு போட்டீங்க. அப்ப எப்டி சொல்லுவேன்?”

பீச் தெருக் கடைசிக்குத் தண்ணீர் வராது என்பது என்னைத் தவிர ஊரே அறிந்த விஷயம். அதை நம்பித்தான் அந்த அம்மா நிபந்தனை போட்டிருக்கிறார். நான் குழாயைச் சரிசெய்ததில் அவருடைய சாக்கு போய்விட்டது. வேலையில் ஒன்றைச் சரியாகச் செய்த பிறகும் மனம் கனத்த நாள் எனக்கு அது ஒன்றுதான்.

அக்கா திங்கட்கிழமை திரும்பிப் போனார். அதற்குப் பிறகு சாமுவேல் அண்ணன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். திங்கள் முதல் வியாழன் வரை இங்கே; வெள்ளி காலை பஸ் ஏறி அங்கே. “கம்பெனிக்கு ஷிப்ட் போயாச்சு, இப்ப பொண்டாட்டிக்கு ஷிப்ட் போறேன்” என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார். என்னிடம் ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்: “அங்க படுத்தா இந்தக் காத்து ஞாபகம் வருது. இங்க படுத்தா ஊட்டுக்காரம்மா ஞாபகம் வருது. ரெண்டு எடத்துலயும் முழுசா தூங்கல தங்கச்சி.”

இப்போது பக்கத்து ஊர்களில் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் டைரி எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்கிறார்கள். திறந்த நேரம், மூடிய நேரம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு கட்டம் போடுங்கள், கடைசி வீட்டுக்குத் தண்ணீர் எட்டிய நேரம் என்று சொல்கிறேன். மாதம் ஒருமுறையாவது அங்கே போய் நில்லுங்கள். தண்ணீர் வராததற்கான காரணம் தெரியும். அந்த வீட்டுக்கு உண்மையில் என்ன வரவில்லை என்பதும் சில சமயம் தெரியும். முதலாவதைத்தான் நம்மால் சரிசெய்ய முடியும். அதைச் செய்துவிட வேண்டும்.

போன மாதம் அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஸ்டெல்லா அக்கா ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். பஸ்ஸுக்குப் போகும் வழியில் பம்ப் ரூமில் நின்றார். அந்த வாரம் அண்ணனைக் கும்மிடிப்பூண்டிக்கு வர வேண்டாமென்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். பிறகு கேட்டார்:

“வெள்ளிக்கெழம எத்தினி மணிக்கும்மா தண்ணி உடுவ?”

ஐந்தரை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“உங்க கொழாய்க்கு அஞ்சு நாப்பத்தொன்னுக்கு வரும்க்கா” என்றேன்.