விசிட்டர்ஸ் புக்கில் நான் எழுதிய ஒரு வரி

போன வாரம் பெங்களூர் நுகர்வோர் மன்றத்தில் என் எழுத்தை ஒருவர் சத்தமாக, நிறுத்தி நிதானமாக வாசித்தார். எழுதுகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாசித்தவர் எதிர்த்தரப்பு வக்கீல் என்பதுதான் சின்னச் சிக்கல்.

ஜீவனஹள்ளி நண்பர் அந்தோணியின் அக்கா ரெஜினா, ரிட்டயர்ட் டீச்சர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்தோணிக்கு பொம்மசந்திராவில் ஷிஃப்ட் வேலை, மனைவிக்கும் வேலை... வேறு வழியில்லாமல் அக்காவை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார். பத்தாவது மாதம் டீச்சருக்குக் கடும் ஜுரம். ஆஸ்பத்திரியில் பார்த்தால் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். "வாரக்கணக்கா யாரும் இவங்களைத் திருப்பிப் படுக்க வைக்கலை" என்றார் டாக்டர். அந்தோணி கேஸ் போட்டார்.

அந்த இல்லத்தின் சாமர்த்தியம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

அந்தோணியும் நானும் பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். முகத்தில் பவுடர், இஸ்திரி போட்ட நைட்டி. முதுகு நாற்காலிப் பக்கம், முகம் நம் பக்கம். நாங்கள் உட்கார்ந்ததும் டிரேயில் காபி வரும். கூடவே தடிமனான விசிட்டர்ஸ் புக் — மூடி கழற்றிய பேனாவுடன். ஒருவர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே அவரைப் பற்றிக் குறை எழுத நம் ஆட்களுக்குக் கை வருமா? "வெரி நைஸ்" என்று எழுதிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வருவோம்.

அந்தப் புத்தகம்தான் இப்போது மன்றத்தின் மேஜையில். அந்தோணி கைப்பட எழுதிய "வெரி நைஸ்" எல்லாம் வரிசையாக வாசிக்கப்பட்டன. "பிரபல எழுத்தாளரே சொல்கிறார்" என்று வக்கீல் அடுத்து என் வரிக்கு வந்தார். நான் எழுதியிருந்தது: 'இங்கே இருப்பவர்களைப் பார்த்தால் எனக்கும் சீக்கிரம் வயதாகக் கூடாதா என்று ஆசை வருகிறது.' பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்திருந்தேன்.

"அந்த அம்மா ஒரு நாளாவது குறை சொன்னாரா?" என்றும் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் விமலா சொன்னார்: "சார், நீங்க ஒரு அஃபிடவிட் குடுக்கணும். எதையும் பாக்காமலே எழுதிட்டேன்னு."

"மேடம், எழுதறவன் பாக்காம எழுதுவான்னு ஊருக்கே தெரிஞ்சிடுமே?"

"தெரியட்டும் சார். அப்பதான் கேஸ் நிக்கும்."

அந்தோணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். ஒரு பெண்மணி புண்ணின் மேல் சாய்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். நான் என் பெயர் கெடுமா என்று யோசிக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் யோசித்தேன்.

மறுநாள், டீச்சர் இன்னும் சிகிச்சையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் போன நேரம், டிரெஸ்ஸிங் மாற்றுவதற்காக நர்ஸ் டீச்சரைத் திருப்பினார். முதல்முறையாக அந்த முதுகைப் பார்த்தேன். அதை எழுத எனக்கு வரவில்லை, மன்னிக்கவும்.

நர்ஸ் போன பிறகு கேட்டேன். "வாராவாரம் வந்தோமே டீச்சர்... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

டீச்சருக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் குழறுகிறது. நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"சொல்லியிருப்பேன் தம்பி. நீங்க சத்தம் போட்டுட்டு ஞாயித்துக்கிழமை சாயந்தரமே வீட்டுக்குப் போயிடுவீங்க. திங்கக்கிழமை நான் அங்கதானே இருக்கணும்?"

நேராக விமலாவின் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். தீர்ப்பு என்ன ஆகுமோ, தெரியாது. என் பெயர் என்ன ஆகும் என்பது தெரியும்... ஆகட்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறாரா? திங்கட்கிழமை போய்ப் பாருங்கள்.