கட்டின் அடியில் எடுத்த தண்ணீர்

இரண்டு வருடமாக எங்கள் குசினி யன்னலில் ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர். மூடிகளில் மார்க்கரால் மாதத்தை எழுதியிருந்தேன். "உதுகளைத் தூக்கி எறியுங்கோ, வாற சனம் என்ன நினைக்கும்" என்று என் மனைவி சொல்லாத கிழமை இல்லை. சனம் என்னவும் நினைக்கட்டும். அது ஒஷாவாவுக்கு வடக்கே என் தங்கை வாங்கிய தோட்டத்தில், குளத்தைத் தடுத்து நிற்கிற மண் கட்டுக்கு அடியில் கசிந்த தண்ணீர். அது தெளிவாக இருக்கும்வரை தங்கைக்குத் தோட்டம் இருக்கும். கலங்கினால் எல்லாம் போச்சு. இதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

வன்னியில் நான் பதினொரு வருடம் நீர்ப்பாசனப் பகுதியில் ஓவசியராக இருந்தவன். பெரிய அணைகள் என் கைக்கு வந்ததில்லை. ஐம்பது அறுபது ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்னக் குளங்கள்தான். மாரி தொடங்குமுன் ஒவ்வொரு கட்டின் மேலும் ஒருமுறை நடக்கவேண்டும். மரம் முளைத்திருக்கிறதா, அகழான் எலி வளை தோண்டியிருக்கிறதா, தண்ணீர் திறந்துவிடும் துருசு இறுகிப்போயிற்றா, மிச்சத் தண்ணீர் வழிந்துபோகும் வான் அடைபட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு கட்டின் வெளிப்பக்கம் இறங்கி, அடியில் கசிகிற தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்து ஒரு இரவு அசையாமல் வைக்கவேண்டும். மண் கட்டென்றால் கசியத்தான் செய்யும். அடியில் மண் படிந்தால் மட்டும் பயப்படவேண்டும், ஏனென்றால் அது கட்டின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிற மண். இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் நான் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பராமரிக்கிற சுப்பர். அடைபட்ட சிங்க் திறப்பதும் குப்பை அறை கழுவுவதும்தான் வேலை. ஆனாலும் எங்கே தண்ணீர் தேங்கி நின்றாலும் என் கண் அதன் அடிக்குத்தான் போகும்.

எங்கள் குடும்பத்தில் எனக்குக் கரிநாக்கு என்று பெயர். அஜின்கோர்ட்டில் ஒரு சொந்தக்காரர் சாப்பாட்டுக்கடை திறந்த அன்று, சமையலறையின் கழிவுக்குழாயைப் பார்த்துவிட்டு "இது ஒரு வருசம் தாங்காது" என்று சொல்லித் தொலைத்தேன். நான் சொன்னது குழாயை. எட்டு மாதத்தில் கடையே பூட்டுப்பட்டது. அதற்குப் பிறகு கலியாண வீடென்ன, புதுக் கார் என்ன, நான் வாயைத் திறக்குமுன் ஒருவர் என் கையில் பலகாரத்தட்டைத் திணித்துவிடுவார். நானும் சிரித்துக்கொண்டு தின்பேன்.

தங்கையும் மச்சானும் அஜக்ஸில் இருந்த வீட்டை விற்றுத் தோட்டம் வாங்க யோசித்தபோது, கையெழுத்து வைக்குமுன் இடத்தைப் பார்க்க எங்களையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நாள் பார்த்து, நேரம் பார்த்து. காரில் ஏறுமுன் தங்கை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வதுபோல என்னைப் பார்த்துச் சொன்னாள்: "இண்டைக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லக் கூடாது. நல்ல நேரத்தில போறம், நல்லதை மட்டும் கதையுங்கோ."

ஒக்டோபர் மாதம். புல்லெல்லாம் பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. குளம் அழகான குளம்தான், பொய் சொல்லக்கூடாது. விற்கிறவரின் தகப்பன் காலத்தில் பள்ளத்துக்குக் குறுக்கே மண் கொட்டிக் கட்டியது. கட்டின் மேலே பொப்லர் மரங்கள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றும் என் இடுப்பளவு தடிப்பு. இந்த நாட்டு அகழானான கிரவுண்ட்ஹொக் தோண்டிய வளைகள் மூன்றை எண்ணினேன். துருசுச் சக்கரம் துருவேறிக் கட்டியாகியிருந்தது. வெளிப்பக்கம் இறங்கினேன். சுற்றவர மஞ்சளாகக் கிடக்க, அடியில் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சையாக நின்றது. அதில் கால் வைத்தேன். சப்பாத்து கணுக்கால்வரை புதைந்தது.

வீட்டைப் பரிசோதிக்க வந்தவர் கூரையைப் பார்த்தார், பேஸ்மென்டைப் பார்த்தார், குளப்பக்கம் வரவில்லை. அது அவருடைய வேலை இல்லையாம். மச்சான் சிரித்தார். "எங்களுக்கு ஏன் அவர்? அண்ணை இருக்கிறார்தானே. குளத்தைப் பற்றி உவருக்குத் தெரியாததோ?" தன் மனைவியைப் பின்பற்றி அவரும் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார்.

தங்கை கட்டின் மேலே நின்று கேட்டாள். "எப்பிடி அண்ணை?"

அவள் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஒரு பக்டரியில் நின்ற நிலையில் பெட்டி அடுக்கியவள். அன்று அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என் மனைவி பின்னாலிருந்து என் ஜக்கெற்றைப் பிடித்து இழுத்தாள்.

"நல்லாயிருக்கு" என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். பிறகு ஆறுதலாக, பால் காய்ச்சி முடிந்த பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பால் காய்ச்சிய அன்றும் நல்ல நாள். முதல் வெண்டிக்காய் பிடுங்கிக் கடைகளுக்குக் கொண்டுபோன அன்றும் நல்ல நாள். நல்ல நாட்கள் முடிவதாக இல்லை. நான் மாதம் ஒருமுறை போய், காலாற நடப்பதாகச் சொல்லிவிட்டு, ஜக்கெற் பொக்கற்றில் ஜாம் போத்தலை ஒளித்துக்கொண்டு கட்டின் அடிக்கு இறங்கினேன். களிமண் உருட்டி வளைகளை அடைத்தேன். அடுத்த மாதம் பக்கத்தில் புது வளை இருக்கும். என்ன கோழைத்தனம் பாருங்கள். ஒரு வளர்ந்த மனிதன், அதுவும் ஓவசியர், தங்கையின் காணியில் கள்ளன் மாதிரித் தண்ணீர் பிடித்தேன்.

இந்த வருடம் பனி கரைந்த பிறகு, மே மாதத்துப் போத்தலில் மண் படிந்தது. விரல் நகத்தின் தடிப்புக்கு.

அடுத்த நாளே போய் மச்சானைக் கூப்பிட்டுப் போத்தலைக் காட்டினேன். விளங்கப்படுத்தினேன். குளத்துத் தண்ணீரைப் பாதிக்குக் குறைக்கவேண்டும், இப்போதே ஒரு எஞ்சினியரைக் கூப்பிடவேண்டும் என்றேன். அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மிளகாய்க் கண்டெல்லாம் நடப் போறன் அண்ணை. இப்ப தண்ணியை விட்டா எதால இறைக்கிறது? மழையை நம்பேலுமோ?"

"கட்டு நிக்காது மச்சான்."

"அண்டைக்கு நல்லாயிருக்கு எண்டு சொன்னீங்கள்."

அவர் போத்தலை என் கையில் திரும்பத் தந்துவிட்டு, "இஞ்ச வாய் வையாதேங்கோ அண்ணை, எனக்கு இது ஒண்டுதான் இருக்கு" என்றார். கோபமாக இல்லை, கெஞ்சுவதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

என்றாலும் அன்று பின்னேரம் இரண்டு பேருமாகத் துருசைத் திறக்கப் பார்த்தோம். பெரிய குறடு பூட்டி முக்கித் தொங்கியதில் சக்கரம் மட்டும் கழன்று கையோடு வந்தது. கொஞ்சமாவது விடுவோம் என்று மச்சான் மனம் இளகிய நேரத்தில், விட வழி இல்லாமல் போயிற்று. பம்ப் வாடகைக்கு எடுப்போம் என்றேன். "மூண்டு கிழமை. கண்டு வேர் பிடிக்கட்டும்" என்றார். கசிகிற இடத்தை அடைக்கக் கூடாது, அடைத்தால் தண்ணீர் வேறு பக்கத்தால் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் மண் வெளியே வராமல் தடுக்க, மணலும் மேலே சல்லியுமாகப் பரப்பினேன். ஒவ்வொரு சனியும் ஞாயிறும் வாளியால் காவினேன். தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவாள்.

யூன் மாதம் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை பகல், தங்கை வீடியோவில் கூப்பிட்டாள். அவள் முகம் தெரியவில்லை, கமராவைத் திருப்பிப் பிடித்திருந்தாள். பொப்லர் மரம் ஒன்று வேரோடு சாய்ந்து, அது நின்ற இடத்தால் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. மாக்கரைசல் நிறத்தில்.

"மேல நில்லாதேங்கோ, இறங்குங்கோ" என்றேன்.

"இறங்கிட்டம் அண்ணை" என்றாள்.

நான் 401 நெடுஞ்சாலையால் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குளம் இல்லை. நடுவில் சேறும், அதில் துள்ளுகிற சின்ன மீன்களும். மண் கட்டின் நடுவே ஒரு லொறி போகக்கூடிய வெட்டு. கண்டுகள் நட்ட பாத்தியெல்லாம் முழங்கால் அளவு மண்ணுக்கு அடியில் போயிருந்தன. கீழே பக்கத்துக் காணிக்காரரின் புல் வயலும் சல்லி றோட்டும் அரிபட்டுப்போயிருந்தன. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். மச்சான் பாத்தி இருந்த இடத்தில் போய் நின்றார். கையால் சேற்றைத் தோண்டி ஒரு மிளகாய்க் கண்டை எடுத்தார், பார்த்தார், திரும்ப அதே இடத்தில் ஊன்றினார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

தங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "முதல்ல பாக்க வந்த அண்டைக்கே தெரியுமோ அண்ணை?"

"ஓம்."

"சொல்லியிருந்தா உங்களைத்தான் ஏசியிருப்பன்" என்றாள். பிறகு, "ஏசினாலும் வாங்கியிருக்க மாட்டன்" என்றாள்.

பாங்க் கடன் கட்ட முடியாமல் தோட்டம் கைவிட்டுப் போயிற்று. காப்புறுதிக்காரருக்குக் குளம் கணக்கில் இல்லையாம். போத்தல்களை மனைவி கழுவி எடுத்துவிட்டாள். இப்போது அவற்றில் ஊறுகாய் இருக்கிறது.

போன மாதம் தங்கையும் மச்சானும் வாடகைக்கு ஒரு பேஸ்மென்ட் பார்க்கப் போனார்கள். என்னையும் வரச்சொன்னார்கள். இந்தமுறை நாளும் பார்க்கவில்லை, நேரமும் பார்க்கவில்லை. ஒரு அறை, ஒரு குசினி, தலைக்கு மேலே சின்ன யன்னல். மச்சான் வாசலிலேயே நின்றார். நான் பழக்கத்தில் சுவரின் அடியைத் தடவிப் பார்த்தேன். விரல் ஈரமாக வந்தது.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கோ அண்ணை. எப்பிடி?"

"மூலையில ஈரம் கசியுது பிள்ளை. மாரிக்குத் தண்ணி உள்ளுக்கு வரும்."

"தெரியுது" என்றாள். "எடுப்பம் அண்ணை. வேற இடமில்லை."