கவிழ்த்து வைத்த பாத்திரங்கள்

தன் மகளின் பிரசவத்துக்காக என் மாமியார் திட்டக்குடிக்குப் போயிருந்தபோது நடந்தது இது. வீட்டில் நானும் கணவரும் மாமனாரும்தான். எனக்கு செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து வழவழப்பாக்க வேண்டும். கணவர் சேத்தியாத்தோப்பு போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒருநாள் வேலை, மறுநாள் ஓய்வு. ஓய்வு நாளில் செல்போனும் கையுமாகப் படுத்திருப்பார். மாமனார் அதே பேட்டையில் சூளைக்குள் சரக்கு அடுக்கும் வேலை பார்த்து, வயதானதும் நின்றுகொண்டவர். அதிகம் பேசமாட்டார்.

காலையில் சமைத்து வைத்துவிட்டு, அழுக்குப் பாத்திரங்களைத் தொட்டியில் போட்டுவிட்டு ஓடுவேன். சாயங்காலம் வந்துதான் கழுவுவது. ஒருநாள் வந்து பார்த்தால் தொட்டி காலி. பாத்திரங்கள் எல்லாம் மேடையில் கவிழ்ந்திருந்தன. ஒன்று இன்னொன்றில் இடிக்காமல், நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, வரிசையாக. நான் கூடையில் அள்ளிப் போடுகிறவள்.

“மாமா, யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரலியேம்மா.” டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. கொடியில் காய்ந்த துணிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வாசல் கூட்டியிருந்தது. ஆனால் கணவர் வீட்டிலிருக்கும் நாளில் எதுவும் நடக்காது. போட்ட பாத்திரம் போட்டபடி கிடக்கும். அவர் பஸ்ஸுக்குப் போன நாளில் மட்டும் யாரோ வந்து போகிறார்கள். அந்த யாரோ ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் ஐயமில்லை. எதிர் வீட்டில் கணவனை இழந்த ஓர் அம்மா தனியாக இருந்தார். தெருக்குழாயில் ஒருநாள் அவர், “ஒங்க மாமனாரு தங்கமான மனுசரு” என்றபோது, வந்து போவது இவர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கணவரிடம் சொன்னேன். “எங்கப்பாவா? போடி” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்து, “அந்தம்மா வூட்டுக்குள்ளாறயே வருதா? அம்மா காதுக்குப் போனா அவ்ளோதான்” என்றார்.

பிறகு ஒருநாள் கம்பெனியில் கரண்ட் போய், மத்தியானமே எங்களை அனுப்பிவிட்டார்கள். வந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. உள்ளே பாத்திரம் உருளும் சத்தம். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். எதிர் வீட்டு அம்மா தன் வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்படியானால் உள்ளே இருப்பது வேறு யாரோ!

கதவைத் தட்டினேன். சத்தம் நின்றது. வெகுநேரம் கழித்து மாமனார் திறந்தார். “தூங்கிட்டேம்மா” என்றார். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கையில் சோப்பு நுரை.

நான் அடுப்படி, பாத்ரூம், பின்கட்டு எல்லாம் பார்த்தேன். யாருமில்லை. தொட்டியில் பாதி தேய்த்த குக்கர் கிடந்தது.

“மாமா, நீங்களா?”

அவர் முதலில் போய்க் கதவைத் திரும்பத் தாழிட்டார். “மெல்லப் பேசும்மா. தெருவுல கேக்கும்.”

“இத எதுக்கு ஒளிஞ்சி செய்யறீங்க?”

“வேலையிலேர்ந்து வந்ததும் காலக்கூட நீட்டாம நேரா தொட்டிகிட்ட போற. அதப் பாத்துக்கிட்டு எப்புடி சும்மா குந்தியிருக்கறது? அதுக்குன்னு மவன் எதிர்ல செய்யறதுக்குக் கூச்சமா இருக்குது. ஒங்க அத்த இருந்தா தொடவே வுடமாட்டா.”

எனக்கு நிம்மதியும் வந்தது, கோபமும் வந்தது. சாப்பிட்ட தட்டைக் கழுவ ஒரு மனிதர் கதவைத் தாழ் போட வேண்டியிருக்கிறதே.

மறுநாள் காலை கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “எங்கப்பாவ பாத்திரம் கழுவ வச்சிட்டியா?”

“நான் வேலைக்கும் போயிட்டு வந்து கழுவுறப்ப இந்தக் கோவம் எங்க போச்சு?”

கூடத்திலிருந்து மாமனார் குரல் வந்தது. “அவள ஏன்டா கேக்கற? ஒனக்கு மனசு தாங்கலன்னா நீ கழுவு.”

அன்று கணவர் கழுவினார். தட்டில் பருக்கை அப்படியே ஒட்டியிருந்தது. வேண்டுமென்றே மோசமாகக் கழுவுகிறார், ‘விடுங்க, நானே செய்றேன்’ என்று நான் சொல்லக் காத்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகம். நான் சொல்லவில்லை. தட்டைத் திரும்பத் தொட்டியில் போட்டேன். இப்படி நாலைந்து முறை திரும்பிப் போன பிறகு தட்டு பளிச்சென்று வரத் தொடங்கியது. அவருடைய ஓய்வு நாளில் பாத்திரமும் துணியும் அவர் பொறுப்பு. மற்ற நாளில் பாத்திரம் மாமனார், துணி நான் என்றானது. கதவு இப்போது திறந்தே இருந்தது. “மருமவளுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று எதிர் வீட்டு அம்மா மட்டும் விசாரித்தார்.

மாமியார் திரும்பி வந்தார். மறுநாள் காலை மகன் கையில் பாத்திரம் தேய்க்கும் நாரைப் பார்த்ததும் என்னைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். “என்னாடி மருந்து வச்ச எம் புள்ளைக்கு?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் கொடுத்த டீயை மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார். மகன் கழுவிய பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவினார். சில நாள் போனதும் ஒரு மத்தியானம் தாங்க முடியாமல் கேட்டார்:

“எல்லாத்தயும் நீங்களே பங்கு போட்டுக்கிட்டீங்க. எனக்கு இங்க என்னா இருக்குது? மவ வூட்டுக்கே போவச் சொல்றீங்களா?”

அவருக்குள் இப்படி ஒரு பயம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. “இல்லத்த. ஒரு நாளாச்சும் ஒக்காந்து சாப்புடுங்கன்னுதான் சொல்றோம்” என்றேன். அவர் நம்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சமையலை ஆண்கள் இருவரிடமும் விட்டுவிட்டு, அவரை ஸ்ரீமுஷ்ணம் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். பஸ்ஸில் போகும்போதே, “கேஸ மூடுனாங்களோ என்னமோ” என்று போன் போடச் சொன்னார். திரும்பும்போது, “பாரு, ஓட்டல்ல வாங்கியாந்து சட்டியில ஊத்தி வச்சிருப்பாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பை விட்டுவிட்டு நேராகக் குப்பைக் கூடையிடம் போனார். பார்சல் கவர் இருக்கிறதா என்று கிளறினார். கவர் இல்லை. உருளைக்கிழங்குத் தோல்தான் இருந்தது. ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்து, “கெழங்குல பாதி தோலோடயே போயிருக்குது” என்றார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, “சரி, போடு” என்று மகனிடம் தட்டை நீட்டினார்.