வேல்ராஜ் சுழற்றிய தீ

வெல்டிங் லைனில் வேல்ராஜுக்குக் காவக்காரன் என்று பெயர். ரிப்பேர் வெல்டிங் முடிந்த பிறகும் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது ஒரகடத்தில் அவன் வேலை செய்த தொழிற்சாலையின் விதி. எங்காவது ஒளிந்திருக்கும் பொறி தாமதமாகப் பற்றும். மற்றவர்கள் டீக்கு நழுவுவார்கள். அவன் தீயணைக்கும் சிலிண்டரோடு உட்கார்ந்திருப்பான்.

"அணைஞ்சி போன நெருப்புக்கு இன்னாடா காவலு? எழுந்து ஓடிடப் போவுதா?" என்பார் பரசுராமன். அதே லைனில் மூத்தவர், வடக்குப்பட்டுக்காரர். சாத்தான்குளத்திலிருந்து வந்த வேல்ராஜுக்குத் தன் ஊரில் அறை பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

லீவு நாளில் வேல்ராஜ் படம் எடுப்பான். பெயிண்ட் கடையில் மெல்லிய இரும்புப் பஞ்சு வாங்கி, முட்டை அடிக்கும் கம்பிக்குள் திணித்து, சங்கிலியில் கட்டிப் பற்றவைத்துச் சுழற்றுவான். சுழற்றி முடியும்வரை கேமராவின் கண் திறந்தே இருக்கும். பொறிகள் கோடுகளாகப் பதிந்து குடைபோல விரியும். சுழற்றியவன் இருட்டில் காணாமல் போவான்.

மாசி மாதத்தில் ஓர் அந்தி நேரம், ஏரிக்கரைப் பாதையோரம் சுழற்றினான். வட்டம் முதன்முறையாக உடையாமல் வந்தது. கேமராத் திரையைப் பார்த்தபடியே அறைக்கு நடந்துவிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கேண்டீனில் பரசுராமன் சாப்பாட்டைத் தொடவில்லை. "ஏரிக்கரையாண்ட இருந்த நம்ம வைக்கோல் போரு எரிஞ்சி பூட்ச்சி வேலு. மாட்டுக்கு ஒரு வாய் மிச்சமில்ல. அந்த வடக்கத்திப் பசங்கதான். பீடியக் குடிச்சிக்கினு அந்த வழியாத்தான போறானுங்க."

"ஆமாண்ணே," என்றான் வேல்ராஜ்.

தன் பொறிதான் என்று தெரிந்தே சொன்னான். புதிதாக எதையும் அவன் ஜோடிக்கவில்லை. இன்னொருவர் சொன்னதை ஒத்துக்கொண்டான், அவ்வளவுதான். அதற்குப் பொய்யைவிடக் குறைந்த தைரியம் போதும்.

ஊர்க்காரர்கள் அந்தப் பாதையை மறித்து முள்ளை வெட்டிப் போட்டார்கள். ஏரிக்கரைக் கொட்டகையில் தங்கியிருந்த பீகார்ப் பையன்கள் நெடுஞ்சாலை வழியாகச் சுற்றி ஷிஃப்டுக்குப் போனார்கள், கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போகும் ஓரத்தில். கம்பெனி பஸ்ஸிலிருந்து வேல்ராஜ் தினமும் அவர்களைப் பார்த்தான். பிறகு ஜன்னலோரம் உட்காருவதை விட்டான். அதனால் உறுத்தல் ஒன்றும் குறையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பரசுராமன் வீட்டுக்குப் போய், செல்லுக்கு மாற்றியிருந்த படத்தைக் காட்டினான். பெரிதாக்கினால், வட்டத்தின் ஓரத்தில் சில பொறிகள் போர்மேல் இறங்குவது தெரியும்.

"நாந்தாம்ணே."

அவர் படத்தையும் அவனையும் பார்த்தார். "அவனுங்கள நான் இன்னா பேச்சு பேசினேன். நீ பக்கத்துலதான நின்ன?"

"வைக்கோல் வாங்கித் தந்துருதேண்ணே."

"வைக்கோல வுடு. முள்ள நான் எடுத்துப் போடறேன். எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அங்க போய்ச் சொல்லு."

கொட்டகை வாசலில் பையன்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்தார்கள். வேல்ராஜுக்கு இந்தி தெரியாது. செல்லை நீட்டினான். "அச்சா ஃபோட்டோ, பய்யா," என்று ஒருவன் சிரித்து, பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான். மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினான். வேல்ராஜ் படத்திலிருந்த போரைத் தொட்டு, தன் நெஞ்சைத் தொட்டான். அவர்களுக்குப் புரியவில்லை. பாதையில் கிடந்த முள்ளைக் கைகாட்டிவிட்டு மறுபடி நெஞ்சைத் தொட்டான்.

சிரிப்பு நின்றது. யாரும் திட்டவில்லை. அந்தப் பையன் செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான். பெஞ்சில் விட்ட இடம் அப்படியே இருந்தது. அது இன்னும் தனக்குத்தானா என்று தெரியாமல் வேல்ராஜ் நின்றுகொண்டிருந்தான்.