நோயாளியுடன் வரவும்

ஒடுகத்தூரில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் கல்லூரி. பெயர்ப் பலகையில் ‘சர்வதேச’ என்று போட்டிருந்தார்கள். படிக்கட்டு முழுக்க யூரியா வாசம். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்க, உடம்பு துடைத்துவிட, நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்க அங்கே ஓராண்டு சொல்லிக்கொடுத்தார்கள். முதல்வர், காசாளர், ஆங்கில ஆசிரியர், மின்விசிறி ரிப்பேர் செய்பவர் எல்லாம் ஒரே ஆள்தான். அப்படி ஒரு சிக்கனமான நிர்வாகம்.

எங்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு பிளாஸ்டிக் பொம்மை நோயாளி. முறைவைத்து தினமும் அவரைக் குளிப்பாட்டினோம். ஒடுகத்தூரிலேயே அவ்வளவு சுத்தமான ஆள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. முனகமாட்டார், தண்ணீர் கேட்கமாட்டார், சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து சத்தம் போடமாட்டார். வேலைக்குப் போகிற இடத்திலும் இப்படிப்பட்டவர்களே படுத்திருப்பார்கள் என்று நாங்களும் நம்பினோம்.

செய்முறைத் தேர்வு நெருங்கும்போது பொம்மையின் இடுப்பு உடைந்துவிட்டது. தினமும் அவ்வளவு குளித்தால் யாருக்குத்தான் உடம்பு தாங்கும்? புதிது வாங்குவார்கள் என்று காத்திருந்தோம். முதல்வர் வகுப்புக்கு வந்தார்.

“ஆளுக்கொரு பேஷண்ட்ட வூட்டுல இருந்து கூட்டினு வந்துடுங்க. பேஷண்ட் இல்லன்னா பரிட்சை இல்ல.”

அடிவாரத்துப் பெண்களுக்குக் கவலையில்லை. ஒருத்தி பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லி மாமாவையே நோயாளி ஆக்கிவிட்டாள். நான் ஜவ்வாது மலைக்காரி. எங்கள் ஊரில் அப்போது புளி உலுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. பட்டப்பகலில் படுக்க யாருக்கு நேரம்? அதுவும் நோவில்லாதவர் நோயாளி என்று படுத்தால் நோவு தேடி வந்துவிடும் என்று பயம் வேறு. தேறினால் எனக்கு வேலூரில் ஆஸ்பத்திரி வேலை. இல்லையென்றால் அண்ணனோடு கர்நாடகத்துக் காபித் தோட்டத்தில் கூலி வேலை. கடைசியில் அம்மாதான் வந்தாள், கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, என்னை முறைத்தபடி.

வெளியிலிருந்து வந்திருந்த பெண் தேர்வாளர், நோயாளி படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றச் சொன்னார். நான் ஒரு முனையை உருவியதும் என் நோயாளி எழுந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் பக்கம் நீ புடி, இந்தப் பக்கம் நா புடிக்கிறேன். ஒண்டியா இன்னா பண்ணுவ?”

தேர்வாளர் பேனாவை மூடினார். “பேஷண்ட் எழுந்து பெட்ஷீட் மடிக்கக் கூடாதும்மா. இன்னொரு தடவ எழுந்தா ஃபெயில்தான்.”

பெற்ற தாய் உதவி செய்தே என்னைத் தோற்கடிக்கப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் காதருகே குனிந்து, “நீ எழுந்துட்டன்னா நா தோட்டத்துக்குத்தாம்மா போவணும்” என்றேன். அவ்வளவுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைபோல் படுத்துவிட்டாள்.

அடுத்து உடம்பு துடைக்க வேண்டும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, புளிக்கறை ஏறிய கைகளைத் துடைத்தேன். பாதத்தைத் தூக்கி என் உள்ளங்கையில் வைத்தபோதுதான் அந்த வெடிப்புகளை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தேன். பொம்மைக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. மெல்லத் துடைத்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகையும் துடைத்தேன். இறுகியிருந்த தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு குறட்டைச் சத்தம் கேட்டது.

“பேஷண்ட் நல்லா ஒத்துழைச்சாங்க” என்று தேர்வாளர் மதிப்பெண் போட்டார். நான் தேறிவிட்டேன். முதல்வர் என் வெற்றிக்குத் தன்னைத் தானே பாராட்டிக்கொண்டார்.

மலைக்குத் திரும்பும் பஸ்ஸில், பாதி வழியில் அம்மா கேட்டாள்.

“வேலூர்ல தெனமும் இப்டிதான் செய்வியா?”

“ஆமாம்மா.”

“முன்னபின்ன தெரியாதவங்களுக்கு?”

“அதுக்குத்தாம்மா சம்பளம்.”

அவள் தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டாள். “அப்ப எனக்கு இன்னிக்கு மட்டுந்தானா?”

நோயாளி என்ன கேட்டாலும் சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பது எங்கள் முதல் பாடம். எனக்கு அழுகைதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

“சும்மா இருடி, கண்டக்டர் பாக்கறாரு” என்றாள் அம்மா. “பாஸானவ அழுவாளா?”