பிளக்கைக் கழற்றாத பின்னேரம்

சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் எழுத வந்தது அதிகம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெடுந்தீவில் வானம் இருண்டால் எங்கள் வீட்டில் முதல் வேலை, இடி மின்னலுக்குப் பயந்து கணினியின் பிளக்கைக் கழற்றுவது. அதை முறைப்படி நிறுத்தப் பொறுமை இருக்காது. அடுத்த முறை போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரும்: டிஸ்கைச் சரிபார்க்க வேண்டும், வேண்டாமென்றால் ஏதாவதொரு விசையை அழுத்தலாம் என்று. என் கணவர் உடனே அழுத்திவிடுவார். "உது பாக்க வெளிக்கிட்டால் விடிஞ்சிடும்" என்பார். அவர் இறந்தபின் நானும் அப்படியே அழுத்தி வந்தேன்.

அந்தக் கணினிக்குள் அவருடைய குரல் இருக்கிறது. ஒரு தவக்காலத்தில் கோயிலில் பாடுவதற்காக வீட்டில் பழகியபோது மகள் பதிந்த பாட்டு. நடுவில் இருமிவிட்டு, "இஞ்சேரும், கொஞ்சம் தண்ணி தாரும்" என்று என்னிடம் கேட்பார். அந்த இடத்துக்காகத்தான் தினமும் பாட்டைப் போடுவேன்.

போன மாரியில் ஒருநாள் கணினி திறக்கவில்லை. திரும்பத் திரும்ப அந்தக் கறுப்புத் திரைக்கே வந்தது. பிரான்சில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அம்மா, இந்த முறை ஒண்டையும் அமத்தாதேங்கோ. அது முடியட்டும். இடையிலை நிண்டால் அப்பான்ரை பாட்டும் போயிடும்."

அதன்பாட்டில் ஓடவிட்டேன். எவ்வளவு முடிந்ததென்று திரையில் காட்டும் எண் பன்னிரண்டு வீதத்தில் நின்றுவிட்டது. அப்போதுதான் கடல் பக்கம் இடி முழங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து மச்சாள், என் கணவரின் தங்கை, ஓடிவந்தாள்.

"என்ன மச்சாள், இன்னும் கழட்டேல்லையே? இடி விழுந்தால் பாட்டும் மிஞ்சாது, நீரும் மிஞ்சமாட்டீர்!"

"கழட்ட ஏலாது. உள்ளுக்கை உம்மடை அண்ணை இருக்கிறார்."

"அவர் இருக்கேக்கை இவ்வளவு கவனமாப் பாத்தனீரோ?"

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள்.

ஒவ்வொரு மின்னலுக்கும் என் கை தானாகப் பிளக்கை நோக்கிப் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கறண்ட் நிற்கக் கூடாதென்று மாதாவை மன்றாடினேன். அவரைப் படகில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றும் பக்கத்தில் இருந்ததைத் தவிர என்னால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. எண் பதின்மூன்றானது.

மறுநாள் காலை கணினி திறந்தது. சில படங்கள் திறக்கவில்லை. பாட்டு இருந்தது. மகளுக்கு அனுப்பினேன்.